ரேடியேட்டர் தண்ணீர் தானம்

இந்த வழக்கில் அதுவரை நான் கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு வெற்றிலையில் வைத்து மடித்தால் வெற்றிலைதான் மிஞ்சும். நாகர்கோவில் வடசேரியில் 'நேசையன், துப்பறிபவர்' என்று போர்டு தொங்குகிறதே, அந்த நேசையன் நான்தான். போர்டு பார்க்க நன்றாக இருக்கும். எழுதியவன் கெட்டிக்காரன்.

என் உதவியாளன் இஸ்ரவேல் என் மனைவியின் தம்பி. அவனை நான் வேலைக்கு வைக்கவில்லை. கல்யாணத்தோடு வந்தான். வேலையை விட்டு நிறுத்தும் அதிகாரமும் எனக்குக் கிடையாது, அது அவன் அக்காவிடம் இருக்கிறது.

அன்று காலை நாங்கள் இரண்டு பேரும் கன்னியாகுமரியில் கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், ஓலைக் கொட்டகைக்குள், கித்தான் கூரையை மடக்கிவிட்ட ஒரு பழைய மோட்டார் காரின் முன்னால் அழுக்கு வேட்டியோடு நின்றோம். மாறுவேஷம். மெக்கானிக்குக்கு எடுபிடிகள்.

"வேஷம் நல்லாப் பொருந்திருக்கு அத்தான்," என்றான் இஸ்ரவேல். "பேசாம இதையே தொழிலா வச்சுக்கிடலாம்."

வழக்கு இதுதான். சுசீந்திரத்தில் நாராயணபெருமாள் பிள்ளை என்று பெரிய வயல்காரர் ஒருவர் இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், 1925-இல், வாதம் வந்து பேச்சு நின்று காலமாகிவிட்டார். அவர்கள் குடும்பத்து வழக்கப்படி சொத்து மனைவிக்கு வராது, சகோதரியின் மகனுக்குப் போகும். அப்படி வந்த மருமகன் பூதலிங்கம் பிள்ளைதான் என் கட்சிக்காரர். அவர் வந்ததும் முதல் வேலையாக நகைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

பெட்டியில் இருந்ததெல்லாம் மாமி தாணம்மாள் பிறந்த வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த நகைகள். ஆனால் பூதலிங்கம், வீட்டுக்குள் இருந்த நகை வீட்டுக்குத்தான் சொந்தம், மாமி திருடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார். தாணம்மாள் வீட்டை விட்டு இறங்கிக் கன்னியாகுமரியில் தம்பியின் தோப்புக்கு வந்து சேர்ந்தாள். 'கள்ளி' என்ற பெயரும் கூடவே வந்தது.

இறங்கும்போது, பிழைக்க ஏதாவது கொடு என்று கேட்டாளாம். பூதலிங்கம் அதை என் ஆபீசில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"மாமனுக்க கார் ஒண்ணு ஓடாமக் கெடந்துது. சீட்டக் கிழிச்சு, பெட்ரோல் டாங்கியில கம்ப விட்டு எல்லாம் நோக்கியாச்சு, உள்ள ஒரு எளவும் இல்ல. சரி, இத வச்சுக்கிடட்டும்ணு ஊர் நியாயம் பேசுக பிடாகைக்காரரயும் நாலு பேரயும் நிறுத்திக்கிட்டுக் குடுத்தேன். தானம்ணா கையில தண்ணி விட்டுல்லா குடுக்கணும்? கிண்டிச் செம்புக்கு எங்க போக? ரேடியேட்டரத் தொறந்து ஒரு சிரட்டத் தண்ணி பிடிச்சு மாமிக்க கையில விட்டேன். 'இந்தக் காரும், கார்மேல ஒட்டிக்கெடக்க சகலமும் மாமிக்கு, எனக்கு ஒரு ஆணிகூட வேண்டாம்'ணு சொன்னேன். ஊரே சிரிச்சுதுவோய்!"

நானும் சிரித்தேன். கட்சிக்காரர் சிரித்தால் கூடச் சிரிப்பது என் தொழில் தர்மம். இஸ்ரவேல் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குத் தர்மம் கிடையாது.

இப்போது தாணம்மாள் அந்தக் காரைச் சரிபண்ணி, கன்னியாகுமரிக்கு வரும் யாத்திரைக்காரர்களை ஏற்றி வாடகைக்கு ஓட்டப் போகிறாள் என்று தகவல். அதற்கு ஏது வசதி என்பது பூதலிங்கத்தின் கேள்வி. நகையைக் கையும் மெய்யுமாகப் பிடித்துத் தந்தால் அவளைப் போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் இந்த அழுக்கு வேட்டி.

வேலைக்கு வந்ததுமே நான் ஒரு துப்புக் கண்டுபிடித்துவிட்டேன். உப்புக் காற்றில் ஆறு வருஷம் கிடந்ததில் காரின் பித்தளை எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஹாரன் பச்சை. விளக்கு வளையம் பச்சை. கதவுப் பிடி பச்சை. முன்கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற பட்டை மட்டும் தூசிக்கு அடியில் மஞ்சளாக இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று இஸ்ரவேலைக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் தேய்க்கணும்ணு அர்த்தம்."

"மடையா. யாரோ இதை மட்டும் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டே வந்திருக்கா. ஏன் இதை மட்டும்? களவு செஞ்சவளுக்குக் கை சும்மா இருக்காது, ஒளிச்சு வச்ச இடத்தத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. பட்டைக்குப் பின்னால மரச்சட்டத்துல குழி தோண்டி நகைய வச்சிருக்கா!"

இஸ்ரவேல் தலையைச் சொறிந்தான். "அத்தான், நீரு பேசும்போது சரியாத்தான் இருக்கு. அதாக்கும் எனக்குப் பயம்."

எனக்குப் பயமில்லை. மத்தியானத்துக்குள் பிடாகைக்காரரோடு வந்து சேருங்கள், களவைக் கண்முன் காட்டுகிறேன் என்று காலையிலேயே பூதலிங்கத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

காரைச் சரிபண்ண வந்திருந்தவர் கோட்டாறு சைபுதீன் மேஸ்திரி. உடம்பில் பாதி எப்போதும் காருக்கு அடியில் இருக்கும், குரல் மட்டும் வெளியே வரும். அந்தக் குரல் எனக்கு நான் கேட்க நினைத்த வேலையையே கொடுத்தது.

"வோய், கண்ணாடிச் சட்டத்தக் கறையான் தின்னுபோட்டு. சட்டம் மாத்தணும்ணா கண்ணாடிய எடுக்கணும், கண்ணாடிய எடுக்கணும்ணா அந்தப் பட்டைய முதல்ல கழத்தணும். பைய எடும். கண்ணாடி பொட்டிச்சுண்ணா மெட்ராஸ்லேருந்து வரணுமாக்கும். உம்ம தலைய வித்தாலும் காணாது."

"அவரு தலைய யாரு வாங்குவா மேஸ்திரி?" என்றான் இஸ்ரவேல். "தட்டிப் பாத்தாலே வெறுந்தேங்காண்ணு தெரிஞ்சிரும்."

வேலையில் இறங்கினேன். பட்டையைப் பிடித்திருந்த திருகாணிகள் பித்தளை. தலையில் பச்சை ஏறி, வெட்டு இருந்த இடமே தெரியவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கோணி ஊசியால் களிம்பைச் சுரண்டி, திருப்புளியை வைத்துத் திருப்ப வேண்டும் என்று சைபுதீன் சொன்னார். நான் ஊறவைப்பதற்கு முன்பே திருப்பினேன். திருப்புளி வழுக்கி என் பெருவிரலைக் கிழித்தது.

"களவுக்காரிய விடும் அத்தான், ஆணியே உம்மப் பிடிச்சுட்டு," என்றான் இஸ்ரவேல்.

ஊறவைத்த பிறகு ஆணிகள் ஒவ்வொன்றாக வந்தன. என் உள்ளங்கை இரண்டும் பச்சையாகிவிட்டன. ஆனால் ஆணி எல்லாம் கழன்ற பிறகும் பட்டை அசையவில்லை. கத்தியை இடுக்கில் விட்டுச் சுரண்டினால் சிவப்பாகத் தூள் உதிர்ந்தது.

"மேஸ்திரி, இது என்ன?"

சைபுதீன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அரக்குல்லா? கண்ணாடிக்குத் துணித் துண்டு வைப்பாவ, மக்கு வைப்பாவ. அரக்கு வச்ச கோட்டிக்காரன் யாருணு தெரியல்லியே." தலை உள்ளே போய்விட்டது.

இஸ்ரவேலை மூலைக்கு இழுத்துப் போனேன். "அரக்கு! அஞ்சல் ஆபீஸ்ல பைக்கு முத்திரை வைக்கிற அரக்கு! இதுல உத்தியோகஸ்தன் ஒருத்தன் கூட்டு!"

"அப்போ ராஜமுத்திரையும் உள்ள இருக்குமே. நல்லாப் பாரும்."

கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, அரக்கை இளக்கி, பட்டையை மெதுவாகத் தூக்கினேன். மெதுவாக என்றுதான் நான் நினைத்தேன். மேல் மூலையில் பட்டை வாழைநார் மாதிரி வளைந்து நின்றது. சைபுதீன் எப்படியோ பார்த்துவிட்டார்.

"பித்தளைய இப்பிடியா வளைப்பீரு! நீரு முன்ன செஞ்ச வேல என்னவாக்கும்? பலாப்பழம் உரிச்சீரா?"

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பட்டை கையோடு வந்துவிட்டது. பின்னால் மரச்சட்டம் தெரிந்தது. ஊசியால் ஓரம் முழுவதும் குத்திப் பார்த்தேன். குழி இல்லை. பொந்து இல்லை. அரக்கும், அரக்கில் அகப்பட்டுச் செத்துப்போன ஒரு எறும்பும் இருந்தன.

இஸ்ரவேல் எட்டிப் பார்த்தான். "எறும்பக் கைது செய்யட்டுமா?"

பூதலிங்கமும் பிடாகைக்காரரும் இந்நேரம் சுசீந்திரத்திலிருந்து கிளம்பியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தாணம்மாள் கருப்பட்டிக் காப்பியோடு கொட்டகைக்குள் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த அம்மாள். காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. காப்பியை வைத்துவிட்டு, கழற்றிப் போட்ட பட்டையையும் என் விரல் ரத்தத்தையும் பார்த்தாள்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. மிரட்டிப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன். "அம்மா, நான் கூலிக்காரன் இல்ல. நான் துப்பறிபவர்."

"தெரியும்."

"எப்பிடி?"

"கூலி எவ்வளவுணு கேக்காம வேலைக்கு வாறவன் கள்ளனா இருக்கணும், இல்லேண்ணா பூதலிங்கம் அனுப்புனவனா இருக்கணும். கள்ளனுக்கு இங்கன எடுக்க என்ன இருக்கு? காப்பி ஆறுகு, குடியும்."

குடித்தேன். ஆனாலும் விடவில்லை. "எல்லாப் பித்தளையும் பச்சையாக் கெடக்கு. இந்தப் பட்டைய மட்டும் எதுக்குப் புளி போட்டுத் தேய்ச்சீங்க?"

"நானா? அதத் தொட்டதுகூட இல்ல. புளி வாங்க வழி இருந்தா கறி வைப்பேனா, காரத் தேய்ப்பேனா?" காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வீட்டுல கடைசியா இருந்த ஆட்டையும் வித்தாக்கும் மேஸ்திரிக்குக் குடுத்தேன். ஆறு வருஷமா நான் கோயிலுக்குப் போனா, பக்கத்துல நிக்கவ தன் கழுத்துச் சங்கிலியக் கையில பிடிச்சுக்கிட்டாக்கும் கும்பிடுகா. ஒரு கையால. சாமி கும்பிட ரெண்டு கை வேணும்லா? எனக்காக ஒரு கைய மாத்தி வச்சிருக்காளுவ. நீரு போயி பூதலிங்கத்துக்கிட்டச் சொல்லும், இங்க ஒண்ணும் கெடைக்கல்லேண்ணு. அவன் நம்பமாட்டான். இருந்தாலும் சொல்லும்."

ரேடியேட்டர் தண்ணீர்க் கதைக்கு நான் சிரித்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைக்கப் போனேன். இஸ்ரவேல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"துடைக்காதேயும். கையெல்லாம் பச்சை, மூஞ்சிலயும் ஏறிரும். இந்தக் கொட்டகையில பச்சை ஏறாதது அந்தப் பட்டை ஒண்ணுதான், இப்போ பச்சை ஏறுனதுல உம்மயும் சேத்தாச்சு."

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். பட்டையைப் பார்த்தேன். என் தலைக்குள் ஏதோ அசைந்தது. அது அபூர்வமாக நடக்கும், அதனால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

புளி போட்டு யாரும் தேய்க்கவில்லை. தேய்க்காத பித்தளை, ஆறு வருஷக் கடல்காற்றில், களிம்பு பிடிக்கவில்லை. அரக்கு அஞ்சல் ஆபீசில் மட்டுமா இருக்கும்? உமித் தீயில் தங்கத்தை உருக்குகிற தட்டானும், நகையை அசையாமல் பிடித்து வேலை செய்ய அரக்குத்தான் வைப்பான். பித்தளை வாழைநார் மாதிரி வளையுமா? நகை பட்டைக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் குத்தித் துழாவிக்கொண்டிருந்தேன். பட்டையையே தூக்கிக் கீழே போட்டுவிட்டு.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் விழுகதுக்கு முன்ன தட்டான் யாரும் வந்து வேலை செஞ்சானா?"

தாணம்மாள் யோசித்தாள். "தெரியல்ல. பொங்கலுக்குப் பெறந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். கார்க் கொட்டகையில உமிச் சாம்பல் கெடந்துது. என்னதுணு கேட்டதுக்கு, அப்பறம் சொல்லுகேன்ணாவ. மருமகன் வந்தா உனக்கு மூக்குத்திகூட மிஞ்சாதுட்டீண்ணு எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாவ. மறுநாள் விழுந்துட்டாவ. பேச்சு வரல்ல. காரயே கையக் காட்டிக்கிட்டுக் கெடந்தாவ. ஆசையாக்கும்ணு தூக்கிக்கொண்டு போயி முன்சீட்டுல இருத்துனோம். இந்தக் கண்ணாடிக்க ஓரத்தத் தடவிக்கிட்டே..."

அவள் கழற்றிப் போட்ட பட்டையைப் பார்த்தாள்.

"ஈ ஓட்டுகாவண்ணு நெனச்சு நான் விசிறிக்கிட்டு இருந்தேன்."

இஸ்ரவேல்தான் குனிந்து பட்டையை எடுத்து, தூசியைத் தட்டி, அவள் கையில் வைத்தான். தாணம்மாள் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை, உரசிப் பார்க்கவில்லை. வளைந்த மூலையைப் பிடித்து அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இந்தக் கனம் எனக்குத் தெரியும்," என்றாள். "எனக்க கழுத்துல கெடந்த கனமாக்கும்." பிறகு வாய்விட்டு அழுதாள்.

காருக்கு அடியிலிருந்து சைபுதீன் முழுசாக வெளியே வந்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

வாசலில் வில்வண்டி வந்து நின்றது. நான் கூப்பிட்ட ஆட்கள்! இந்த வழக்கில் நான் செய்த வேலைகளில் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான், அது நடந்திருக்கக் கூடாது. பூதலிங்கம் பிள்ளை துள்ளிக்கொண்டு இறங்கினார். பின்னால் பிடாகைக்காரர் மாதேவன் பிள்ளை மெதுவாக இறங்கினார்.

"கண்டுபிடிச்சீராவோய்?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தாணம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்லிவிட்டாள். கள்ளி என்று பெயர் வாங்கிய அந்த அம்மாளுக்கு மறைக்கவே தெரியவில்லை. பூதலிங்கத்தின் முகம் திருக்கார்த்திகை விளக்குப் போல ஆனது.

"அப்பிடிப் போடும்! கேட்டீரா பிடாகைக்காரரே? மாமன் வீட்டுத் தங்கம். வீட்டுத் தங்கம் எனக்கு. எடுத்து வண்டியில வையும்!" என்று பட்டையின் ஒரு நுனியைப் பிடித்தார். மறுநுனி தாணம்மாளின் தோளில் இருந்தது.

என் கூலி அவர் மடியில் இருந்தது. அதை ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். பிறகு, "ஒரு சந்தேகம்," என்றேன். "காரைக் குடுக்கும்போது நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? என் ஆபீஸ்ல நல்லாச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீங்களே."

பூதலிங்கத்தின் பிடி தளர்ந்தது. "அது... வெளையாட்டுக்கு."

மாதேவன் பிள்ளை தொண்டையைச் செருமினார். "எனக்கு ஓர்மை இருக்கு. காரும் கார்மேல ஒட்டிக்கெடக்க சகலமும் மாமிக்கு. எனக்கு ஒரு ஆணிகூட வேண்டாம். எனக்கு முன்னால நிண்ணு சொன்ன. தண்ணியும் விட்ட."

"அது ரேடியேட்டர் தண்ணிவோய்!"

"அண்ணைக்கு உனக்கு அது தண்ணியாத்தானே இருந்துது? தண்ணி விட்டுக் குடுத்தா குடுத்ததுதான். திரும்பக் கேக்கவனுக்கு நம்ம பிடாகையில என்ன பேருணு தெரியும்லா?"

பூதலிங்கம் கடைசியாக ஒரு கிளையைப் பிடித்தார். "ஒட்டிக்கெடக்கதுணுதானே சொன்னேன்? இப்போ எங்க ஒட்டிக்கெடக்கு? இவருதான் பறிச்சுட்டாரே!"

"அவரு இண்ணைக்குத்தான் பறிச்சாரு," என்றான் இஸ்ரவேல். "நீரு தண்ணி விட்டப்போ அரக்கு வச்சு, ஆணி அடிச்சு, எறும்போட ஒட்டிக்கெடந்துது. வேணும்ணா எறும்ப எடுத்துக்கிடும்."

மாதேவன் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தாணம்மாள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. "தாணம்மா, எனக்க வீட்டுக்காரிக்கிட்ட நான் சொல்லுகேன். இனி கோயில்ல சங்கிலியப் பிடிக்காண்டாம்ணு. அவளும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிண்ணா." சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

பூதலிங்கம் என்னை நோக்கி வந்தார். "உம்ம எதுக்குவோய் வச்சேன்?"

"நகையைக் கண்டுபிடிக்க."

"கூலிண்ணு ஒரு சக்கரக் காசு தரமாட்டேன்!"

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியும். வண்டி போனதும் சைபுதீன், கண்ணாடிக்குப் புதிதாகப் பித்தளைப் பட்டை அடிக்க வேண்டும், அதை அரம் போட்டு ராவுகிற வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார்.

நான் கொட்டகை வாசலில் பச்சைக் கைகளோடு உட்கார்ந்திருந்தேன். தாணம்மாள் ஒரு உருண்டைப் புளியும் சிரட்டையில் தண்ணீருமாக வந்தாள். அடுத்த வீட்டில் கடன் வாங்கியிருக்கிறாள். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவளை நம்பி ஒரு பொருள் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னாள்.

"கைய நீட்டும்," என்றாள்.

"பாத்து அத்தான்," என்றான் இஸ்ரவேல். "தண்ணி விட்டு எதையாவது தந்திரப் போறாவ. எனக்க அக்காகிட்ட யாரு பதில் சொல்லுவா?"

தாணம்மாள் சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிரித்தாள், பாதித் தண்ணீர் என் வேட்டியில் விழுந்தது. புளி விரல் வெட்டில் பட்டதும் என் கண் கலங்கியது. எரிச்சலினால்தான் என்று இஸ்ரவேலிடம் சொன்னேன். அவன் மிச்சப் புளியை என் கையில் வைத்து, ஹாரனையும் விளக்கு வளையங்களையும் காட்டினான்.

மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து தேய்த்தேன். பச்சை போயிற்று. அடியில் வெறும் பித்தளைதான் இருந்தது. நான் ஒன்று விடாமல் வளைத்துப் பார்த்துவிட்டேன்.